எஸ்ஸன் ஷ்பீலில் படித்த பாடம்

போர்டு கேம் விளையாடுவதற்காக ஒருத்தன் ஜெர்மனி வரைக்கும் போவானா என்று வீட்டில் கேட்டார்கள். போனேன். எஸ்ஸன் நகரில் ஒவ்வொரு அக்டோபரிலும் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை 'ஷ்பீல்' நடக்கிறது. 1983இல் சின்னதாக ஆரம்பித்தது. 2019இல் 2 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நம்ம சென்னை புத்தகக் கண்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலுக்கு ஸ்டால் மேஜை, நாற்காலி போட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காலி நாற்காலி கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார். பிடித்திருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் நன்றி சொல்லி எழுந்து போகலாம். முதல் நாள் நான் புது வெளியீடுகளைத் துரத்தி ஓடினேன். கால் வலிதான் மிச்சம். இரண்டாம் நாளிலிருந்து ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்டால்கள்தான். போகிறவர்களுக்கு என் சிபாரிசும் அதுவே.

அங்கே பெட்டியின் மேலேயே விளையாட்டை உருவாக்கியவர் பெயர் இருக்கும். 1995இல் வந்த கட்டான் என்றால் கிளாஸ் டாய்பர் என்று யாரும் சொல்வார்கள். இந்த மரியாதை சும்மா வரவில்லை. 1988இல் நியூரம்பெர்க்கில் 13 வடிவமைப்பாளர்கள், "பெட்டியில் பெயர் போடாவிட்டால் விளையாட்டைத் தரமாட்டோம்" என்று பீர் கோப்பை வைக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு ஓரத்து மேஜையில் ஒரு இளைஞர், தான் கையால் செய்த விளையாட்டை வைத்திருந்தார். எங்கள் நாலு பேரிடம் விதித்தாளை நீட்டிவிட்டு, நோட்டுப்புத்தகத்தோடு தள்ளி உட்கார்ந்தார். நாங்கள் தப்பாக ஆடினாலும் வாயைத் திறக்கவில்லை. எங்கே முழிக்கிறோம் என்று குறித்துக்கொண்டே இருந்தார். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் விதி நிற்க வேண்டும், அதற்கான சோதனை இது. சாப்ட்வேர்காரனுக்கு உடனே புரிந்துவிடும்: ஸ்பெக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது.

ஊர் திரும்பியதும் இதையே பல்லாங்குழிக்குச் செய்து பார்த்தேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 5 சோழி. ஒரு குழியில் 4 சேர்ந்தால் 'பசு', அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். (அத்தை 5 இல்லை, 6 சோழி என்று சண்டைக்கு வந்தார். இரண்டு வழக்கமும் உண்டு, இரண்டையும் குறித்துக்கொண்டேன்.) தாளை மகளிடமும் அவள் தோழியிடமும் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஆட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். "காலிக் குழிக்கு அடுத்ததை அள்ளின பிறகு என் ஆட்டம் தொடருமா, முடிஞ்சிடுமா?" தாளில் இல்லை. அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கை பாட்டுக்குப் போகும்டா. இதெல்லாம் உங்க பாட்டியைத்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

பாட்டி போய் 11 வருஷம் ஆகிறது. பெட்டியும் பெயரும் இல்லாத நம் விளையாட்டுகளுக்கு விதிப்புத்தகம் மனிதர்கள்தான். அதனால் ஒரு வேண்டுகோள். தாயம், ஆடுபுலி, பல்லாங்குழி என்று எதையாவது ஆடத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எழுதியதைத் தெரியாதவர் கையில் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர்கள் முழிக்கிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.