ஷெட்டில் நிற்கும் தாத்தா கார்... கண்காட்சியில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

2023 ஜனவரி. ஜப்பானின் சிபா நகரில் உள்ள மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் 'டோக்கியோ ஆட்டோ சலோன்' களைகட்டியிருந்தது. தரையை உரசும் கார், விமானம்போல இறக்கை வைத்த கார், ஊதா வெளிச்சம் கக்கும் கார் என்று திரும்பிய பக்கமெல்லாம் கண்ணைப் பறிக்கும் திருவிழா அது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே டொயோட்டா நிறுவனம் கொண்டுவந்து நிறுத்தியது, கிட்டத்தட்ட 40 வயதான இரண்டு கார்களை.

இரண்டுமே 'ஏ.இ.86' ரகம். 1983-லிருந்து 1987 வரை தயாரானவை. 'இனிஷியல் டி' காமிக்ஸில் டோஃபு டெலிவரி செய்யும் பையன் மலைப்பாதையில் ஓட்டுவானே, அதே கார்தான். ஒரு காரை ஹைட்ரஜனில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். பழைய இன்ஜினைத் தூக்கி எறியவில்லை. இன்ஜெக்டர், எரிபொருள் குழாய், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை மாற்றி, 'மிராய்' காரின் இரண்டு ஹைட்ரஜன் டாங்குகளைப் பின்பக்கம் பொருத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். இன்னொரு கார், பேட்டரியில் ஓடுவது. எலெக்ட்ரிக் காருக்கு கிளட்சும் கியரும் எதற்கு என்று கேட்கலாம். ஆனால், அதிலும் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் வசதியை விட்டுவைத்திருந்தார்கள். அந்தக் காரை விரும்புகிறவர்கள் அதற்காகத்தானே விரும்புகிறார்கள்!

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பழைய கார்கள்தான். பழைய கார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதை என்ன செய்யலாம்?' என்று யோசிப்பவர்கள் அந்த அரங்கில் அதிக நேரம் நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். பக்கத்தில் இறக்கை வைத்த காரோடு செல்ஃபி எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம் இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் ஊரிலும் எத்தனையோ வீடுகளில் ஓர் அம்பாசடரோ, பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தார்ப்பாய் போர்த்தித் தூங்குகிறது. அப்பா கல்யாணத்துக்குப் போன கார், தாத்தா முதன்முதலில் வாங்கிய கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. யூடியூபில் அமெரிக்க, ஜப்பானியக் கண்காட்சி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'நம்ம வண்டியையும் இப்படிப் பண்ணிடலாமா?' என்று பேரன் கேட்பதும் நடக்கிறது. நல்ல கேள்விதான். ஆனால், கட்டிங் வீலை எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

500 டாலர் மெர்குரி

மாடிஃபைடு கார் உலகில் ஒரு காரின் கதையை மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்றால், அது 'ஹிரோஹாட்டா மெர்க்' காரின் கதையாகத்தான் இருக்க வேண்டும். பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர், தன் 1951 மெர்குரி காரை லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் விட்டார். கார் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர்கள் கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். பக்கவாட்டுத் தூணை எடுத்துவிட்டு ஜன்னல் கோட்டையே வளைத்தார்கள். பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டையை ப்யூக் காரிலிருந்தும், பின்விளக்கை லிங்கன் காரிலிருந்தும் எடுத்தார்கள். இளம்பச்சை, கரும்பச்சை என இரு நிறங்கள் பூசினார்கள். 1952-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மோட்டோரமா கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கொஞ்ச நாளில் கேடிலாக் இன்ஜினும் அதில் ஏறியது.

அதன் பிறகு அந்தக் கார் கைமாறி, நிறம் மாறி, மவுசு குறைந்து, கடைசியில் 500 டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் ஜிம் மெக்நீல் என்ற பள்ளி வயதுப் பையன். அவர் அதை விற்கவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து, பாரிஸ் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். அதாவது, 1951-ல் மெர்குரி தொழிற்சாலை செய்தபடி அல்ல. 1952-ல் பட்டறைக்காரர்கள் மாற்றியபடி. 2022 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அந்தக் கார் 19.5 லட்சம் டாலருக்குப் போனது.

மாற்றப்பட்ட காரும் காலப்போக்கில் ஒரு 'ஒரிஜினல்' ஆகிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால், ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காரில் ஒட்டுப்போட்டதுபோல எதுவும் தெரியாது. நான்கு கம்பெனிக் கார்களின் பாகங்கள் இருந்தும், எல்லாம் பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல உட்கார்ந்திருக்கும். ஒரே மாதிரி கூரை வெட்டிய ஆயிரம் மெர்குரி கார்கள் பின்னால் வந்தன. அவற்றில் எத்தனை பேர் இன்று நினைவில் இருக்கின்றன?

பானட்டுக்கு அடியில் பாருங்கள்

அமெரிக்காவில் இந்தத் துறையின் பெரிய சந்தை, லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் நடக்கும் 'சேமா' கண்காட்சி. 1967-ல் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் சிறிய அளவில் ஆரம்பித்தது. அடிப்படையில் இது உதிரிபாக வியாபாரிகளின் கண்காட்சி. கார்கள் அங்கே நிற்பது, சக்கரம், சஸ்பென்ஷன், பெயின்ட் என்று எதையாவது விற்பதற்குத்தான். இதை மறந்துவிட்டுப் பார்த்தால் பர்ஸ் காலியாகும். அரங்கில் ஜொலிக்கும் கார்களில் சில, லாரியில் வந்து லாரியிலேயே திரும்பிப் போகும் ரகம். முந்தைய நாள் இரவுவரை வேலை நடந்து, இன்ஜின்கூட ஸ்டார்ட் ஆகாமல் வந்து நிற்பவையும் உண்டு.

டெட்ராய்ட் 'ஆட்டோரமா' வேறு மாதிரி. அங்கே வழங்கப்படும் ரிட்லர் விருதுக்குப் போட்டியிடும் கார், அதற்கு முன் வேறெங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கக் கூடாது. அதனால் ஆண்டுக்கணக்கில் ரகசியமாகச் செய்வார்கள். காருக்கு அடியில் கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள். யாரும் பார்க்காத அடிப்பாகத்தில்கூட மேற்பரப்புக்கு இணையாக பெயின்ட் மின்னும். அவ்வளவு செலவு செய்த காரை மழையில் யார் ஓட்டுவார்கள்? வேலைப்பாட்டை ரசிக்கலாம். குடும்பத்தோடு கும்பகோணம் போய்வர வேண்டிய காருக்கு அது முன்மாதிரி ஆகாது.

பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கின்றன. விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஸ்பிரிங் கிரீன் என்ற சிற்றூர்க்காரர்கள் ஜிம் ரிங், மைக் ரிங். விபத்தில் நசுங்கிய கார்களுக்கு டிங்கரிங் பார்த்துக்கொண்டிருந்த சகோதரர்கள். இன்று சேமாவில் 'ரிங்பிரதர்ஸ்' கார் என்றால் கூட்டம் கூடுகிறது. 2014-ல் அவர்கள் கொண்டுவந்த 1966 செவெல் காரையும், 2017-ல் கொண்டுவந்த ஏ.எம்.சி. ஜாவலினையும் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் காரில் இன்ஜின் பலத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கவனிக்க வேண்டியது பானட் கீலை. பழைய மஸ்டாங் காருக்கு ஸ்பிரிங் வைத்த தகரக் கீலுக்குப் பதிலாக, அலுமினியத்தில் கடைந்தெடுத்த கீல் செய்தார்கள். அதையே விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். கதவுக் கைப்பிடியும் அப்படித்தான். கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறை தெரிந்தவர்களுக்கு இதுபோன்ற வேலை எட்டாக்கனி அல்ல.

ஆகவே, கண்காட்சியில் முழு காரையும் படமெடுப்பதைவிட, ஒயர் எப்படி ஓடுகிறது, பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது, பழைய டேஷ்போர்டு மாறாமல் ஏசி துவாரம் எங்கே ஒளிந்திருக்கிறது, சீட் துணியின் தையல் என்ன என்று படமெடுப்பது வீட்டுக்கு வந்தபின் உதவும். பெரும்பாலான கார்களுக்குப் பக்கத்தில் என்னென்ன வேலை நடந்தது என்று எழுதிய பலகை ஒன்று இருக்கும். அதைப் படமெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. உரிமையாளர் பக்கத்தில் நின்றால், 'எவ்வளவு செலவாச்சு?' என்பதைவிட, 'மறுபடியும் செய்தால் எதைச் செய்ய மாட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

நிறமும் அப்படித்தான். செல்போன் திரையில் அழகாகத் தெரியும் நிறம் வெயிலில் வேறு முகம் காட்டும். அரங்கத்தின் விளக்கொளியில் பார்த்துவிட்டு முடிவு செய்தால், வீட்டு வாசலில் ஏமாற்றம்தான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரிஜினல் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்ப்பது. கோவை அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்திலோ, சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் பேரணியிலோ மாற்றப்படாத பழைய கார்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால், திரும்பி வர வழி இருக்காது.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

இனிதான் முக்கியமான இடம். லாஸ் வேகாஸில் கைதட்டல் வாங்கும் பல வேலைகள் நம் ஊர் சாலையில் சட்டவிரோதம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கூரையை வெட்டுவது, சேஸிஸில் கை வைப்பது, வேறு காரின் இன்ஜினைத் தூக்கிவைப்பது எல்லாம் இந்த வளையத்துக்குள் வருகின்றன. சி.என்.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு மாற, அங்கீகரிக்கப்பட்ட கன்வெர்ஷன் கிட் மூலம் வழி இருக்கிறது. வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிவாக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதுப் பதிவென்றால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். நிபந்தனை இதுதான்: சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். சென்னை வண்டலூரில் தயாரான 60-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வீட்டில் நிற்கிறது. அது இன்று விண்டேஜ் தகுதிக்குரிய கார். ஆர்வக்கோளாறில் கூரையை வெட்டி, இன்ஜினை மாற்றிவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். சாலையில் ஓட்டவும் முடியாது. கடைசியில் தார்ப்பாய்க்கு அடியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது, பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பதைவிட அவசரம்.

கழற்றி மாட்டும்படி

அப்படியென்றால் எதையுமே செய்யக் கூடாதா? ஜாகுவார் நிறுவனத்தின் கிளாசிக் பிரிவு 2017-ல் காட்டிய 'ஈ-டைப் ஸீரோ' ஒரு நல்ல யோசனை தருகிறது. 2018-ல் இளவரசர் ஹாரி - மேகன் திருமண மாலையில் மணமக்கள் போனார்களே, அந்த எலெக்ட்ரிக் கார். அதன் பேட்டரிப் பெட்டியை, பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினின் அளவிலேயே, ஏறக்குறைய அதே எடையில் செய்து, இன்ஜின் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். காரின் உடம்பில் பெரிய வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. நாளைக்கு மனம் மாறினால் பழைய இன்ஜினைத் திரும்ப மாட்டலாம்.

நம் வீட்டு வண்டிக்கு அவ்வளவு பெரிய திட்டம் தேவையில்லை. பழைய அம்பாசடர் என்றால் முதல் செலவு ஒயரிங்கில் இருக்கட்டும். துணி சுற்றிய பழைய ஒயர், விரல்விட்டு எண்ணும் அளவு ஃபியூஸ் என்று ஓடிய வண்டி அது. இற்றுப்போன ஒயரால் தீப்பிடித்தால் காரும் இல்லை, கதையும் இல்லை. ஃபியூஸ் பாக்ஸ், ஹெட்லைட்டுக்கு ரிலே, பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் எல்லாம் வெளியே அவ்வளவாகத் தெரியாத வேலைகள். பிரேக் அடுத்தது. பிற்கால அம்பாசடர்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியே கொடுத்தது. 90-களில் இசுஸு இன்ஜின்கூட கம்பெனியே வைத்துத் தந்தது. வெளிநாட்டு கேட்டலாக்கைப் புரட்டுவதற்கு முன், இதே காரின் தம்பிகளிடம் என்ன இருக்கிறது என்று மெக்கானிக்கோடு உட்கார்ந்து பார்ப்பது புத்திசாலித்தனம். ஆர்.டி.ஓ.வில் கேட்கும்போது பேசுவதற்கும் பிடி இருக்கும்.

அடுத்து, ஒரு காகிதத்தில் காரை வரைந்து பார்ப்பது. சிப் ஃபூஸ் போன்ற பெரிய வடிவமைப்பாளர்களே தகரத்தைத் தொடுவதற்கு முன் பென்சிலைத் தொடுகிறவர்கள். கண்காட்சியில் பிடித்த 10 விஷயங்களை எழுதிவைத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி படித்தால் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். மிஞ்சியதை மட்டும் செய்யலாம்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், பழைய கார்புரேட்டர், டைனமோ, ஸ்டீரிங், கதவு அட்டை என எதுவானாலும், எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைக்கவும். இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்புக் கடைக்குப் போட வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் காத்திருப்பார். பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கிவிடுவது நல்லது.