மழை மறைவில் ஒரு சாலை

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று புனலூர்வரை நீளும் பேருந்து வழியில், பார்க்கத் தகுந்ததெல்லாம் குற்றாலச் சாரலில்தான் தொடங்குகிறது என்பது பொதுவான எண்ணம். அதுவரை சீமைக்கருவேலமும் கரிசலும் வெயிலும்தானே, கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. வழியின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே மலையின் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிவைத்துவிடுகிறது; கிழக்குப் பக்கம் மழை மறைவில் நிற்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். புனலூர்ப் பக்கம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே ரப்பர் மரம் நிற்பதற்கும் இங்கே பட்டாசு அறை நிற்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

சிவகாசி வட்டாரத்தில் சாலையோரப் பொட்டலில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. மருந்து ஈரம் தாங்காது. செய்த வெடியைக் காயவைக்க வெயில் வேண்டும். பட்டாசுக்கு முன்னோடியான தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. பிறகு நம் வீட்டுச் சுவர்க் காலண்டரும் அங்கிருந்தே வந்தது. வெயில்தான் காரணமென்றால் ராமநாதபுரம் முழுக்கப் பட்டாசு ஊராகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வறட்சி இடம் கொடுத்தது, அவ்வளவே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியிராவிட்டால் இந்தப் பொட்டல் பொட்டலாகவே கிடந்திருக்கும். ஆனால் அவர்கள் திரும்பிவந்தபோது, மானாவாரி பொய்த்தால் வேறு பிழைப்பில்லாத கைகள் இங்கே காத்திருந்தன. அதுவும் மழை மறைவின் கணக்கில்தான் சேரும்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. உயிர் போகும் இடத்தை வேடிக்கைப் பொருளாக்கலாமா? ஆக்கக்கூடாதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது மட்டும் என்ன மரியாதை? அறைகளுக்கு நடுவே இடைவெளி எதற்கென்று அறிந்தவருக்கு, மரத்தடியில் உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்துவதைக் கண்டால் அது விதிமீறல் என்று புரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இதுவா, மதுரை மேலக்கோபுரமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இங்கிருந்து மலை கூடவே வரும். செங்கோட்டையில் அரசியல் எல்லையின் சுவடு தென்படும். ஊர் வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடு ஒரு வளைவு. ஒருகாலத்தில் அதற்கு அப்பால் வேறு மன்னர், வேறு நாணயம், வேறு தபால். அந்தத் தபாலின் பெயர்தான் ‘அஞ்சல்’. இன்று அதே சொல்லை நாம் தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிறோம். 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு நிலைத்திருந்தால் செங்கோட்டைக்குப் பாஸ்போர்ட்டோடு போயிருப்போம். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னால்தான், அம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். புறப்படும் ஊரில் பெயருக்கான போராட்டம், எல்லையூரில் நிலத்தின் சேர்க்கை.

மன்னர் போட்ட எல்லை மாறிப்போனது; மலை போட்ட எல்லையை யாரும் மாற்ற முடியவில்லை. புளியரையிலிருந்து ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமியைத் தாண்டினால் காற்றே வேறு. தென்மலைக்கு முன்னால், 1904-இல் திறந்த ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே வரும். படம் பிடிக்க எல்லோரும் எழுவது அங்கேதான். எதிரே வரும் லாரிகளை யாரும் கவனிப்பதில்லை. சிவகாசித் தீப்பெட்டிக்கு வேண்டிய மென்மரக் குச்சி கேரளத்தில் அறுத்து வருகிறது. விஷுவுக்கு வேண்டிய பட்டாசு சிவகாசியிலிருந்து மலையேறுகிறது. மழை பெய்யும் பக்கம் மரம் தருகிறது, பெய்யாத பக்கம் நெருப்பு தருகிறது.

அடுத்த முறை இந்த வழியில் போகிறவர்கள் விருதுநகரிலேயே ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடுங்கள். தூக்கத்தைத் தென்மலைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.