எக்ஸ்.எல். வண்டிக்கு வேறு வண்டியின் ஷாக் பொருந்துமா?

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் உள்ள ஆமத்தூர்ப் பகுதி, மானாவாரிக் கரிசல் பூமி. பருத்தி, மக்காச்சோளம், பயறு வகைகள் இங்கே முக்கிய வெள்ளாமை. உரக்கடையிலிருந்து யூரியா மூட்டை வருவதும், பால் கேன் சொசைட்டிக்குப் போவதும், மாட்டுக்குச் சோளத்தட்டை வருவதும், பட்டாசு ஆலை வேலைக்கு ஆள் போவதும் பல வீடுகளில் மொபெட்டில்தான். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். இன்று சிறு விவசாயிக்கு மாட்டு வண்டிக்குச் சமம்.

இந்த வண்டிகளில் சீக்கிரம் தேய்ந்துபோகும் பாகங்களில் பின் ஷாக் அப்சார்பரும் ஒன்று. சுமை அதிகம், கரிசல் பாதையோ மழையில் குழியாகி, வெயிலில் அப்படியே இறுகிவிடும். புது ஷாக் வாங்கும் நேரத்தில், "பழைய பைக்கின் ஷாக் சும்மாதானே கிடக்கிறது, அது இன்னும் தடிமனாக இருக்கிறது, மாட்டினால் கூடுதல் மூட்டை ஏற்றலாமே" என்ற யோசனை பலருக்கும் வருகிறது.

மாட்ட முடியும். ஆனால் போல்ட் ஓட்டை பொருந்துவது மட்டுமே பொருத்தம் ஆகாது.

ஷாக்கில் இருப்பது இரண்டு வேலை

வெளியே தெரியும் ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது. உள்ளே எண்ணெய் நிறைந்த குழாய், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. எண்ணெய் கசிந்து போனால் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சும். வண்டி பள்ளத்தில் இறங்கினால் மூன்று நான்கு முறை துள்ளும். துள்ளும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்த நொடியில் பிரேக் பிடிக்காது.

சோதிப்பது எளிது. வண்டியை நேராக நிறுத்தி, பின் கேரியரைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்ல ஷாக். திரும்பத் திரும்ப ஆடினால் மாற்ற வேண்டிய நேரம்.

துலாவின் கணக்கு

கிணற்றுத் துலாவில் தாங்கும் கால் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இழுக்கும் பாரம் மாறும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மும் ஒரு துலாதான். மொபெட்டில் இரண்டு ஷாக்குகள், சக்கர அச்சுக்குப் பக்கத்திலேயே பக்கத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. சக்கரத்தில் வரும் பாரத்தை இரண்டும் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன.

ஒற்றை ஷாக் உள்ள பைக்குகளில் அது ஸ்விங் ஆர்மின் நடுப்பகுதியில் இருக்கும். சரிபாதியில் இருந்தால், சக்கரத்தில் 100 கிலோ பாரம் வரும்போது ஷாக் 200 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். அதனால் அதன் ஸ்பிரிங்கை மிகவும் இறுக்கமாகச் செய்கிறார்கள். அதைக் கொண்டுவந்து மொபெட்டில் மாட்டினால் அது அமுங்கவே அமுங்காது. பள்ளத்தின் அடி முழுவதும் பிரேமுக்கும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கும் போய்ச் சேரும். பிரேம் வெல்டிங் பிளப்பது இப்படித்தான்.

வெளிநாடுகளில் மணல் மேட்டிலும் பந்தயத் திடலிலும் ஓடும் நாலு சக்கர 'குவாட்' வண்டிகளுக்கும் இதே கணக்குதான். அங்கேயும் ஒரு மாடலின் பின் ஷாக்கை இன்னொன்றில் மாட்டுகிறார்கள். சுசுகியின் எல்.டி.-இசட்400, கவாசாகியின் கே.எஃப்.எக்ஸ்.400 ஆகியவற்றின் ஷாக் ஒன்றுக்கொன்று தயக்கமின்றிப் பொருந்தும். காரணம், 2003-இல் வந்த அந்த இரண்டும் பெயர் மட்டும் வேறான ஒரே வண்டி. வடிவம் வேறான வண்டி என்றால் அளவு எடுக்காமல் யாரும் கை வைப்பதில்லை.

மாட்டும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

1. நீளம்: மேல் போல்ட் ஓட்டையின் மையத்திலிருந்து கீழ் ஓட்டையின் மையம் வரை அளக்க வேண்டும். பழையதும் புதியதும் ஒரே நீளமாக இருப்பதே நல்லது. நீளம் கூடினால் வண்டியின் பின்பக்கம் தூக்கி, ஹேண்டில் அலைபாயும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாய்ந்து கவிழப் பார்க்கும். நீளம் குறைந்தால் டயர் மட்கார்டில் உரசும்.

2. அமுங்கும் தூரம்: முழுதாக அமுங்கும்போது டயரோ செயின் கவரோ எதிலும் இடிக்கக் கூடாது.

3. புஷ்: உள்துளையும் அகலமும் போல்ட்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். தகரம் சுற்றியும் வாஷர் அடுக்கியும் ஒப்பேற்றினால் சில மாதங்களில் ஓட்டை நீள்வட்டமாகி, போல்ட் முறியும்.

4. இடம்: ஸ்பிரிங்கின் சுற்றளவு செயினையும் சைலன்சரையும் தொடக் கூடாது.

5. ஜோடி: இரண்டு பக்கமும் ஒரே ஷாக், ஒரே தேய்மானம். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பொருந்தவில்லை என்பதற்காக ஷாக்கின் கண்ணை வெட்டி வெல்டிங் வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். மூடிய குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. சில ஷாக்குகளில் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவும் இருக்கிறது. சூடு ஏறினால் குழாய் வெடிக்கும்.

ஷாக் மாறினாலும் சுமை அளவு மாறாது

எக்ஸ்.எல். 100 வண்டிக்கு நிறுவனம் சொல்லும் சுமை 130 கிலோ. ஓட்டுபவரும் அதற்குள் அடக்கம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு 45 கிலோ யூரியா மூட்டை ஏற்றினால் 105 கிலோ, பிரச்சினை இல்லை. இரண்டு மூட்டை ஏற்றினால் 150. 40 லிட்டர் பால் கேன் இரண்டு என்றால் பால் மட்டுமே 82 கிலோ. ஆளையும் சேர்த்தால் 142, கேனின் எடை தனி.

தடிமனான ஷாக் போட்டால் வண்டி தாழாமல் நிற்கும். அதைப் பார்த்து வண்டி பலமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் டயர், ஸ்போக்ஸ் கம்பி, பிரேக், பிரேம் எல்லாம் பழையவைதான். முன்பு வண்டி தாழ்ந்துபோய் "போதும்" என்று எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லை. பின்னால் மனைவியையும் முன்னால் பிள்ளையையும் உட்கார வைத்து, லாரிகள் ஓடும் சிவகாசி சாலையில் போகும் வண்டி அது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. பிரேமை வெட்டி நீட்டுவது போன்ற வேலைகளை இதனாலும் தவிர்க்க வேண்டும்.

மாட்டிய பின்

வழக்கமான சுமையை ஏற்றிச் செயின் தளர்வைப் பார்க்க வேண்டும். ஸ்விங் ஆர்மின் சாய்வு மாறினால் செயின் இறுக்கமும் மாறும். ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே சாலைக்குப் போகலாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் முடுக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

*ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. சில நாள் ஓட்டலாமா?*
வேண்டாம். எண்ணெய் டயரில் வடிந்தால் வண்டி வழுக்கும். மேல்முனை சுருட்டி மூடிய ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. ஜோடியாக மாற்றுவதே வழி.

*ஷாக் நன்றாக இருக்கிறது, சுமை ஏற்றினால் மட்டும் தாழ்கிறது. என்ன செய்வது?*
ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய வளையம் இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். உயரம் கூடும், ஆனால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. அதற்குப் பிறகும் அடி தட்டினால், சுமை அதிகம் என்று பொருள். மூட்டையை இரண்டு நடையாகக் கொண்டுபோவதே நல்லது.

*பழைய இரும்புக் கடை ஷாக் வாங்கலாமா?*
நடுத்தண்டு வளையாமலும் துரு பிடிக்காமலும் இருந்து, அழுத்திவிட்டால் மெதுவாக ஒரே சீராக எழும்பினால் வாங்கலாம். தண்டில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் அது எண்ணெய் சீலைக் கிழித்துவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.