ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி கேட்கும் குழந்தை... அடமா? உணவுக்குழாய் அலர்ஜியா?

பனியன் கம்பெனி வண்டி வரும் நேரம். குழந்தையோ ஒரே இட்லியை அரை மணி நேரமாக மென்றுகொண்டிருக்கும். அம்மா, அப்பா இருவரும் ஷிப்டுக்கு ஓடும் திருப்பூர் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. 'சரியான அடம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பல குழந்தைகளுக்கு அது அடம்தான். ஆனால் சிலருக்கு உள்ளே உணவுக்குழாயே வீங்கியிருக்கலாம். அதன் பெயர் ஈசினோபிலிக் ஈசோபேகைட்டிஸ்.

என்ன நடக்கிறது?

ஈசினோபில் என்பது ஒரு வகை வெள்ளை அணு. அலர்ஜி வரும்போது அதிகமாகும். சில குழந்தைகளுக்கு, சாப்பிடும் ஏதோ ஓர் உணவுக்கு எதிராக இந்த அணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்துவிடும். வீக்கம் வருடக்கணக்கில் நீடித்தால் குழாய் சுருங்கிவிடும்.

முன்பெல்லாம் இதை அசிடிட்டி என்றே நினைத்தார்கள். 1995-ல் அமெரிக்காவில், அசிடிட்டி சிகிச்சையில் குணமாகாத 10 குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமில ஃபார்முலா பவுடர் கொடுத்தார்கள். 8 பேருக்கு தொந்தரவு நின்றது, 2 பேருக்கு குறைந்தது. காரணம் உணவுதான் என்று அப்போது புரிந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கைக்குழந்தை என்றால் பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும். பள்ளி வயதில் வயிற்று வலி, வாந்தி. கொஞ்சம் வளர்ந்ததும் 'தொண்டையில அடைக்குது' என்பார்கள். சப்பாத்தி, இறைச்சியை ஒதுக்குவார்கள். ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. வீசிங், தோல் அலர்ஜி இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

'ரத்தத்துல ஈஸ்னோபில் நார்மல்னு சொன்னாங்களே?' அது போதாது. எண்டோஸ்கோபி செய்து, பல இடங்களில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில் இருந்தால், வேறு காரணங்கள் இல்லையென்றால், நோய் உறுதி.

சிகிச்சை என்ன?

அமிலத்தைக் குறைக்கும் மருந்து, விழுங்கும் ஸ்டீராய்டு, உணவுக் கட்டுப்பாடு என வழிகள் உண்டு. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், மீன் ஆகியவைதான் முக்கிய சந்தேக உணவுகள். பாலும் கோதுமையும் முதலிடத்தில். தோல் டெஸ்ட் மட்டும் வைத்து எந்த உணவு என்று சொல்ல முடியாது. ஒன்றை நிறுத்தி, மறுபடி எண்டோஸ்கோபி செய்துதான் உறுதி செய்வார்கள்.

அதற்காக நீங்களாகவே பாலையும் கோதுமையையும் நிறுத்திவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு புரதமும் கால்சியமும் குறைந்துவிடும். டாக்டர், டயட்டீஷியன் சொன்ன பிறகே மாற்றுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

உணவு சிக்கி எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள்.

மற்றபடி, டிபன் பாக்ஸ் தினமும் பாதியாகத் திரும்பி வருகிறதா, எடை ஏறவில்லையா? திட்டுவதற்கு முன், ஒரு லீவு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி கேட்டால், குழந்தைகள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.