குறைமாத குழந்தை கண்ணாடி பெட்டியிலா? கவலை வேண்டாம்.. அம்மா நெஞ்சும் 'இன்குபேட்டர்'தான்!

சென்னை: குழந்தை உள்ளே, பெற்றவர்கள் வெளியே. குறைமாத குழந்தை பிறந்த வீட்டில் இதுதான் பெரிய வேதனை. ஆனால் தீவிர சிகிச்சை பிரிவில் தாய், தகப்பன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் அது குறைமாத குழந்தை. 'நான் மாடிப்படி ஏறினேனே, அதனாலயா?' என்று தாய் தன்னையே நொந்து கொள்வாள். உறவுக்காரர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ரத்தக் கொதிப்பு, கிருமித் தொற்று, இரட்டைக் குழந்தை என காரணம் பல. பல நேரம் காரணமே தெரியாது. தாயை குறை சொல்லாமல் இருப்பதே முதல் உதவி.

கங்காரு முறை

1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பற்றாக்குறை. அப்போது பிறந்ததுதான் 'கங்காரு' முறை. டயபர், தொப்பி மட்டும் போட்டு, குழந்தையை தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்து துணியால் கட்டி விடுவார்கள். உடம்புச் சூடு குழந்தைக்கு இறங்கும்.

இந்தியா உள்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021ல் வெளியானது. பிறந்த உடனே இப்படி அணைத்த எடை குறைந்த குழந்தைகளிடம் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. தினமும் 8 மணி நேரத்துக்கு குறையாமல் அணைப்பது நல்லது. அப்பாவும் அணைக்கலாம். நர்சிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

பால்தான் மருந்து

குழந்தைக்கு சப்பத் தெரியாவிட்டாலும் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பாலை பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். சில சொட்டு சீம்பால் கூட வீண் இல்லை. பால் ஊறாவிட்டால் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் தாய்ப்பால் வங்கி உள்ளது.

கண்ணை மறக்காதீங்க

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்கு குறைந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பரிசோதனை அவசியம். ரொம்ப சின்ன குழந்தைக்கு இன்னும் முன்பே செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தாமதித்தால் பார்வையே போகலாம்.

செலவுக்கு பயமா?

2011ல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு சிகிச்சை, மருந்து, ரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். நகையை அடகு வைக்கும் முன் அங்கே விசாரியுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வார்த்தை: 'குழந்தை பிழைக்குமா?' என்று கேட்காதீர்கள். ஒரு வேளை சாப்பாடு கொண்டு போய் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.