அடுப்பங்கரை வெங்காயமும் ஒரு விஞ்ஞானப் பாடமும்

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்கள் விடியற்காலையில் புல்தரை வெள்ளை வெளேரென்று கிடக்கும். துகள் பனி! நேற்றுப் பச்சையாக இருந்த தேயிலைக் கொழுந்து, வெயில் ஏறியதும் கருகிப் போகும். கொழுந்து கருகினால் அதைப் பறிக்கும் தாயின் வருமானமும் கருகுகிறது. ஆனால் அதே செடியின் வேர் சாவதில்லை. சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கிறது.

"மேலே கருகியது, கீழே ஏன் கருகவில்லை?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

மலையகத்தின் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் போதாத குறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் கூட, உயர்தர விஞ்ஞானப் பிரிவு தூரத்தில் இருக்கிறதென்று வேறு பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆய்வுகூடம் வரும்போது வரட்டும். அதுவரை காலடியில் இருக்கும் மண்ணை ஏன் பயன்படுத்தக் கூடாது?

1995 முதல் பல நாட்டு மாணவர்களைச் சேர்த்து நடந்துவரும் 'குளோப்' என்ற திட்டம் இதற்கு வழி காட்டுகிறது. மண்ணில் 5 சென்டிமீற்றர், 10 சென்டிமீற்றர் ஆழங்களில் வெப்பத்தை அளந்து குறிப்பது அதில் ஒரு பயிற்சி. சூரியன் உச்சிக்கு வரும் வேளையை ஒட்டி அளக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் அதற்குக் கடிகாரம் கூட வேண்டாம். லுஹர் பாங்கு கேட்டதும் பிள்ளையை அனுப்பலாம்.

செய்முறை எளிது. முளைவிட்ட வெங்காயம் அல்லது வெள்ளைப்பூட்டுப் பல் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று இடங்களில் நடச் சொல்லுங்கள்: வெயில் விழும் இடம், மர நிழல், மானாப்புல் பரப்பி மூடிய இடம். முளை மேல்நோக்கி இருக்க வேண்டும். வெப்பமானியை மண்ணில் நேராகக் குத்தினால் உடைந்துவிடும். முதலில் நீண்ட ஆணியால் துளையிட்டு, பிறகு மெதுவாக இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அது 35 பாகை செல்சியசுக்குக் கீழே காட்டாது. பாடசாலையில் உள்ள சிவப்புத் திரவ வெப்பமானியே ஏற்றது.

ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டியும் காட்டுங்கள். அடுக்கடுக்காக இருப்பவை உணவு சேர்த்து வைத்த இலைகளின் அடிப்பகுதிகள். அடியில் தட்டையாக இருப்பதே தண்டு. நடுவில் குருத்து. உருளைக்கிழங்கு அப்படியல்ல, அது முழுவதும் மண்ணுக்குள் பருத்த தண்டுதான்.

சில வாரங்களில் குறிப்பேடு பேசத் தொடங்கும். வெயில் நிலத்தில் பகலில் வெப்பம் வேகமாக ஏறும். புல் மூடிய இடத்தில் நிதானமாக ஏறும். ஆழம் போகப் போக ஏற்ற இறக்கம் குறையும். ஒரு முழ ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை. துகள் பனிக்கும் இதுவே விளக்கம். மேகமில்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து உறைகின்றன. மண்ணோ வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. போர்வைக்குள் உறங்கும் குழந்தையைப் போல வேர் தப்பிவிடுகிறது.

பிரித்தானியாவின் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகம் 2005 முதல் பாடசாலைகளில் பூக்கிழங்குகளை நடச்செய்து, வெப்பநிலையையும் பூக்கும் நாளையும் குறித்து வருகிறது. காலநிலை மாறினால் பூக்கும் நாளும் மாறுகிறதா என்பதே கேள்வி. அங்கு பூக்கும் டியூலிப் கிழங்குக்கு மூன்று மாதமளவு கடுங்குளிர் வேண்டும். ஆண்டுச் சராசரி சுமார் 16 பாகையுள்ள நுவரெலியா மண்ணில் அந்தக் குளிர் கிடைக்காது. ஆகவே நமக்கு வெங்காயமே போதும்.

ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். அப்படியானால் இரண்டு ஊர் மண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இரு பாடசாலைப் பிள்ளைகள் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டால் விடை கிடைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் அளக்க மறந்தால் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். ஊகித்து எழுத விடாதீர்கள். கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், விஞ்ஞானத்தின் முதற்பாடம் உங்கள் வீட்டிலேயே முடிந்துவிட்டது.