கழற்றுவதற்கு முன் காது கொடுங்கள்

இடம்பெயர்ந்து வந்து, பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டஞ் செய்யும் ஒரு குடும்பம். கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டு செல்ல அவர்களிடம் இருப்பது பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று. பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டுச் சாக்குகளை அடுக்குவார்கள். இரவில் அயலில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஆசுபத்திரிக்கு ஓடுவதும் அதே கார்தான்.

சென்ற மாரிக்குப் பின்னர் அந்தக் காரில், வெறும் அம்மியில் குழவியை இழுப்பது போல, கரகரவென்று அரைக்கும் சத்தம் ஒன்று தொடங்கியது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில், “கியர்பெட்டி முடிஞ்சுது, இறக்கவேணும்” என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகைக்கு மனைவியின் காப்புகள் அடைவு கடைக்குப் போக வேண்டும். “காப்பை வைக்கிறதோ, காரை விக்கிறதோ?” என்று அவர் வந்து கேட்டார். இரண்டும் வேண்டாம், முதலில் காரை ஒருக்கால் ஓட்டிப் பார்ப்போம் என்றோம்.

பழைய கார்கள் எமது மக்களுக்குப் புதியவை அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டு, வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் பண்ணப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது அவசியம்.

சத்தம் எப்போது வருகிறது?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: கார் நிற்கும்போது, எஞ்சின் மட்டும் ஓடுகையில் சத்தம் கேட்கிறதா? கேட்டால் குறை எஞ்சின், கிளச் அல்லது கியர்பெட்டிப் பக்கம் இருக்கிறது. கேட்காவிட்டால் இரண்டாவது கேள்விக்குப் போகலாம்.

இரண்டாவது: வெறுமையான, மட்டமான வீதியில் மெதுவாக ஓடும்போது கியரை நியூட்ரலுக்கு எடுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். கார் உருளும்போது சத்தம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால், அது சில்லோடு சுழலும் பாகங்களில் ஒன்றிலிருந்து வருகிறது.

மூன்றாவது: வளைவில் சத்தம் மாறுகிறதா? இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கச் சில்லைச் சந்தேகியுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கச் சில்லு.

நமது தோட்டக்காரரின் காரில் நியூட்ரலிலும் சத்தம் நிற்கவில்லை. இடப்பக்க வளைவில் கூடியது. கியர்பெட்டியை இறக்க முன்னர் வலப்பக்கச் சில்லுகளைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

சில்லைத் தூக்கிப் பார்த்தல்

மட்டமான தரையில் காரை நிறுத்தி, தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக்கில் உயர்த்தியவுடன் கீழே பலமான மரக்குற்றி வைக்க வேண்டும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரத்தில் வெடித்துவிடும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ வைக்க வேண்டாம்.

சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின்னர் ஒரு கையைச் சில்லுக்கு அருகிலுள்ள ஸ்பிறிங்கிலோ அச்சின் பாகத்திலோ வைத்துக்கொண்டு மறு கையால் சில்லைச் சுழற்றுங்கள். நல்ல பெயரிங் வழுக்கிக்கொண்டு ஓடும். தேய்ந்த பெயரிங்கின் கரகரப்பைக் காது கேளாவிட்டாலும் கை உணரும்.

எமது பரிசோதனையில் வலப்பக்க முன் சில்லு அகப்பட்டது. கழற்றியபோது கிறீஸ் பால் போல வெளிறி, தண்ணீர் கலந்திருந்தது. மாரி வெள்ளத்தில் ஒழுங்கை முழங்காலளவு நிறைந்திருந்தபோது, அந்தக் கார் பல நாட்கள் அதனூடாகச் சென்றிருந்தது. தண்ணீர் கிறீஸைக் கெடுத்தது. கிறீஸ் கெட்டதும் இரும்பு இரும்பை அரைத்தது.

பெயரிங் மாற்றும்போது

கழற்றிய பெயரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். குண்டுகள் ஓடும் பாதையில் குழிகளோ, சூட்டில் ஏற்பட்ட நீல நிறமோ இருந்தால் அதை மீண்டும் போடக்கூடாது. விளிம்பில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்தை எழுதிக்கொண்டு போனால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. உதாரணமாக 6204 என்றால் உள் விட்டம் 20 மில்லிமீற்றர், வெளி விட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில் செய்தாலும் இவ்வளவு மாறாது.

புதிய கிறீஸை உள்ளங்கையில் வைத்து, குண்டுகளுக்கிடையில் புகும்வரை அழுத்த வேண்டும். வெளியே பூசினால் மட்டும் போதாது. பிரேக் சூவில் கிறீஸ் படக்கூடாது. மொறிஸ் மைனரின் முன் சில்லில் இரண்டு குண்டு பெயரிங்குகளுக்கு நடுவே ஓர் இடைவளையம் உண்டு. அதைத் தவறவிடாமல் போட்டு நட்டை நன்றாக இறுக்க வேண்டும். கூம்பு உருளைப் பெயரிங் உள்ள வாகனங்களில் அப்படி இறுக்கினால் பெயரிங் எரிந்துவிடும். இறுக்கியபின் சிறிது தளர்த்த வேண்டும். இரண்டிலும் பூட்டு ஊசி புதியதாக இருக்கட்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே நல்லது.

பிரேக் பிடிக்கும்போது அரைத்தால்

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பிரேக் சூவின் பட்டை தேய்ந்து, றிவெற் ஆணிகள் டிரம்மை உரசுகின்றன. இந்தக் கார் சந்தைக்குப் போகக்கூடாது. அன்றே நிறுத்த வேண்டும். பட்டையை ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுக்கும். பழைய பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் றப்பர்களில் மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ படவிட வேண்டாம், ஊதிக் கெட்டுவிடும்.

நின்றபடி அரைத்தால்

கிளச்சை மிதிக்கும்போது சத்தம் தோன்றினால் கிளச் பெயரிங் தேய்ந்துள்ளது. எப்பொழுதும் பெடலில் காலை வைத்து ஓட்டுவதால் வரும் வினை இது. மாறாக, நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளச்சை மிதித்தவுடன் நின்றால் குறை கியர்பெட்டிக்குள் இருக்கலாம். முதலில் அதன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். கார் முற்றாக நிற்க முன்னர் முதலாம் கியரைப் போடும்போது பற்கள் அரைத்தால் அது குறையே அல்ல. இந்தப் பழைய கார்களின் முதலாம் கியரில் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு இல்லை. நின்றபின் போட்டால் சத்தம் இராது.

கிளச்சினால் மாறாத சத்தம் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து வந்தால், எஞ்சினை நிறுத்தி விசிறிப் பட்டியைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் டைனமோவோ தண்ணீர்ப் பம்போ காரணம். அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும்.

தோட்டக்காரர் வாங்கியது இரண்டு பெயரிங்குகளும் ஒரு சீலும் கொஞ்சக் கிறீஸும். காப்புகள் மனைவியின் கையிலேயே இருக்கின்றன. ஆனால் பணத்தை விடப் பெரியது ஒன்று உண்டு. அந்தப் பெயரிங் இன்னுஞ் சில வாரங்கள் அரைபட்டு உடைந்திருந்தால், ஓடும் காரில் சில்லே கழன்றிருக்கும். அதிகாலையில் சாக்குகளின் மேல் அவருடைய மகனும் இருப்பது வழக்கம்.

இந்தப் பரிசோதனை கார் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதல்ல. லாண்ட்மாஸ்டர் பெட்டியின் சில்லுகளிலும் பெயரிங்கும் கிறீஸும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. வெள்ளத்தினூடாகச் சென்ற பெட்டியை அறுவடைக்கு முன் ஒருமுறை உயர்த்தி, சில்லைச் சுழற்றி, கையை வைத்துப் பாருங்கள். நெல் மூட்டைகளை ஏற்றிய பின்னர் நடுவழியில் பார்ப்பதை விட அது இலகுவானது.